வல்வெட்டித்துறைக்கு ஒரு நாள்

யாழ்ப்பாணத்திலிருந்து வல்வெட்டித்துறைக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர்தான். ஆனால் அவசரமாகப் போய்த் திரும்பினால் அந்த ஊர் பிடிபடாது. கடற்கரை வீதியில் ஆறுதலாக நடக்கவேண்டும்.

கப்பல் கட்டிய கைகள் வாழ்ந்த ஊர் அது. அங்கே கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ரொபின்சன் என்ற அமெரிக்கர் விரும்பி வாங்கினார். தன் மனைவியின் பெயரையே அதற்குச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்திய அந்தக் கப்பல் 1938 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. குளோஸ்டரும் மீனவர் ஊர்தான். ஓவியர்கள் தேடிப்போய்க் குடியிருந்ததால் கலையூர் என்று உலகம் அதைக் கொண்டாடுகிறது.

வல்வெட்டித்துறைக்கும் அந்தப் பெயர் தகும் என்பேன். தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். மூங்கிலை மெல்லிய சிலாகையாகச் சீவி, நிறத் தாள் ஒட்டி, கப்பலாகவும் பறவையாகவும் விலங்காகவும் இளைஞர்கள் கட்டிய பட்டங்கள் வாடைக்காற்றில் எழும்பும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பல நாள் உழைப்பு இருக்கிறது. எந்தப் பக்கம் பாரம் கூடினாலும் பட்டம் தலைகுத்தும்; பட்டத்தைப் பிடித்து நிறுத்தும் நூலான முச்சையைக் கட்டுவதில்தான் முழு வித்தையும். காற்றில் ஒலியெழுப்பும் விண் பூட்டிய பட்டமென்றால் இரவிலும் கூவும்.

பசித்தால் பக்கத்தில் பருத்தித்துறை இருக்கிறது. அந்த ஊர்த் தட்டை வடை மொறுமொறுவென்று காத்திருக்கும்.

வரும் பொங்கலுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பட்டம் கட்டியவர்களோடு அவர்களைக் கொஞ்சநேரம் பேசவிடுங்கள்.