வெளிநாட்டு வேலை: கையெழுத்துப் போடும் முன்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய நினைவுகளைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் சிறப்பாகவே பேசிவிட்டார்கள். நான் வேறு விஷயம் பேச அனுமதி கேட்டிருந்தேன். இந்த அரங்கில் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இறுதியாண்டுத் தம்பி தங்கைகளில் சிலர் அடுத்த வருஷம் தோகாவிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கப் போகிறீர்கள். நானும் இதே பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போனவன்தான். 2017 முதல் 2023 வரை கத்தாரில் கட்டுமானப் பொறியாளராக வேலை பார்த்தேன். அங்கே கான்கிரீட்டைப் பற்றிக் கற்றதை விட காகிதத்தைப் பற்றிக் கற்றதுதான் அதிகம்.

நம்ம ஊர் ஏலக்காய் ஏலத்தை எல்லோரும் அறிவீர்கள். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் போடியிலும் புத்தடியிலும் மாறி மாறி நடக்கிறது. விலை கேட்பது கம்ப்யூட்டரில்தான். ஆனாலும் எந்த வியாபாரியாவது மாதிரியைப் பார்க்காமல் விலை கேட்கிறாரா? உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, ஒரு காயைப் பிதுக்கி விதை பார்த்த பிறகுதான் கேட்கிறார். ஒரு மூட்டைக் காய்க்கு இவ்வளவு பார்க்கிற ஊரில் பிறந்த பையன், தன் வாழ்க்கையில் மூன்று வருஷத்தை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் என்ன பார்க்கிறான்? சம்பளம் எவ்வளவு, டிக்கெட் எந்தத் தேதி. இவ்வளவுதான். பன்னிரண்டு பக்கத்தில் பதினோரு பக்கத்தைத் தள்ளிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறான்.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். ஒப்பந்தத்தை நுழைவதிலிருந்து படிக்காதீர்கள்; வெளியேறுவதிலிருந்து படியுங்கள். ஏன்னு கேட்டால், இங்கே ஒரு முதலாளி சரியில்லை என்றால் நாளைக்கே வேறு இடம் போகலாம். முதலாளியின் பெயரில் வரும் விசாவில் அப்படி முடியாது. வேலை போனால் அந்த நாட்டில் இருக்கும் உரிமையும் சேர்ந்தே போகும். அதனால் இங்கே சாதாரணமாகத் தெரிகிற ஒரு வரி, அங்கே கழுத்துக் கயிறாக ஆகிவிடும்.

இது புதுக் கதை அல்ல. அந்தக் காலத்தில் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிப் போனார்கள். கப்பல் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் தொழிலாளி பேரில் கடன். அவன் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், பழைய தோட்டத்துத் துரை ஒரு சீட்டுத் தரவேண்டும். இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று அதில் எழுதியிருக்கும். அதற்குப் பெயர் 'துண்டு'. நம் தமிழ்ச் சொல்லையே ஆங்கிலத் துரைமாரும் வைத்துக்கொண்டார்கள். புதுத் தோட்டம் கடனைக் கட்டும். கடன் தொழிலாளியோடு கூடவே நடக்கும். 1921-இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். நம் பக்கத்திலும் கதை வேறில்லை. முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்குப் போகாத தொழிலாளியைச் சிறைக்கே அனுப்ப வழிசெய்த 1859-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது. அதை ரத்து செய்ய 1925 வரை ஆயிற்று.

நான் கத்தார் போன 2017-இல் வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமானால், ஒப்பந்தக் காலம் முடியும் முன்பு பழைய கம்பெனியின் தடையில்லாச் சான்று வேண்டும். அதைக் கேட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்தபோது எனக்குத் துண்டுதான் ஞாபகம் வந்தது. 2020 செப்டம்பரில் கத்தார் அரசு அந்தச் சான்று தேவையில்லை என்று சட்டம் திருத்தியது. இரண்டு வருஷம் வரை வேலை பார்த்தவர் ஒரு மாத நோட்டீஸ், அதற்கு மேல் என்றால் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து மாறலாம். நல்ல திருத்தம்தான். ஆனால் சட்டம் தெரிந்தவனுக்குத்தான் சட்டம் உதவும்.

வளைகுடாவில்தான் இப்படி, அமெரிக்காவில் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2005-இல் கத்ரீனா புயல் அடித்த பிறகு சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனி, இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களையும் பைப் ஃபிட்டர்களையும் மிசிசிப்பிக்கும் டெக்சாசுக்கும் கூட்டிப்போனது. கிரீன் கார்டு கிடைக்கும் என்று ஆசை காட்டி முகவர்கள் ஆளுக்கு 10,000 டாலருக்குக் குறையாமல் வாங்கினார்கள். நிலத்தையும் வீட்டையும் விற்றுப் போனவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் கையில் இருந்த விசாவோ எச்-2பி. தற்காலிக விசா, அந்த ஒரே முதலாளியோடு கட்டிப்போட்ட விசா. ஒரு டிரெய்லரில் 24 பேர் வரை. அதற்கு மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தம். 2008 மார்ச்சில் வெல்டர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். வாஷிங்டன் வரை போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்ற ஜூரி, முதல் வழக்கின் ஐந்து பேருக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் வழங்கச் சொன்னது. அதே ஆண்டு கம்பெனி திவாலாகி, மற்றவர்களுக்கும் சேர்த்து 2 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு வந்து மன்னிப்பும் கேட்டது. நியாயம் கிடைத்தது, ஆனால் ஏழெட்டு வருஷம் ஆனது. விசாவின் பெயரை முதல் நாளே விசாரித்திருந்தால், தற்காலிக விசா கிரீன் கார்டு ஆகாது என்பது வீட்டிலிருந்தே தெரிந்திருக்கும்.

சரி, ஒப்பந்தத்தில் என்ன பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, இரண்டு ஒப்பந்தங்கள். இங்கே ஒன்று, அங்கே இறங்கியதும் வேறொன்று. என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி, நம் மலையடிவாரத்துப் பையன், சென்னையில் 1,800 ரியாலுக்குக் கையெழுத்துப் போட்டு வந்தான். தோகாவில் கொடுத்த தாளில் 1,200 என்று இருந்தது. "இது சும்மா ஃபார்மாலிட்டி" என்றார்கள். அவன் ஊரில் போட்ட தாளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பி வைத்திருந்ததால் கேட்க முடிந்தது. ஆறு வாரம் பேசிய பிறகு 1,800 கிடைத்தது. அரபி, ஆங்கிலம் இரண்டிலும் எழுதியிருந்தால், முரண்பாடு வரும்போது அரபி வாசகமே செல்லும் என்பது வளைகுடா நாடுகளின் பொது வழக்கம். ஆங்கிலத் தாளை மட்டும் நம்பாதீர்கள். சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்கு ஐ.பி.ஏ. கடிதம் தாய்மொழியில், அதாவது தமிழிலேயே, கிடைக்க வேண்டும். சம்பளம், பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். விமானம் ஏறும் முன் அதை வாங்கிப் படியுங்கள்.

இரண்டாவது, அடிப்படைச் சம்பளம். மொத்தம் 3,000 திர்ஹாம் என்றதும் சந்தோஷப்படுகிறோம். அதில் அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு? ஐக்கிய அரபு எமிரேட்சில் பணிக்கொடை என்பது முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். ஐந்து வருஷத்துக்கு 105 நாள். அடிப்படை 2,000 என்றால் 7,000 திர்ஹாம் வரும். அதே 3,000 சம்பளத்தில் அடிப்படையை 1,000 என்று எழுதியிருந்தால் 3,500தான். ஓவர்டைமும் அடிப்படையை வைத்துத்தான் கணக்கு. ஒரு வரியில் பாதிப் பணம் போய்விடுகிறது.

மூன்றாவது, பாண்டும் அபராதமும். "இரண்டு வருஷத்துக்குள் போனால் விசாச் செலவைத் திருப்பிக் கட்டவேண்டும்" என்று எழுதியிருப்பார்கள். எமிரேட்சின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அமெரிக்க எச்-1பி விசாவில், முன்னதாகப் போனதற்காக அபராதம் வசூலிப்பது தடை. ஆனால் நியாயமான இழப்பீடு என்ற பெயரில் சில ஒப்பந்தங்கள் நீதிமன்றத்தில் நிற்கும். ஆகவே தொகை எப்படி வந்தது என்று கேளுங்கள். இங்கே கூட "பாண்டெல்லாம் செல்லாதுப்பா" என்று டீக்கடையில் சொல்வதை நம்பாதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது. நியாயமான தொகை நிற்கும்; பயமுறுத்தும் தொகை நிற்பது கடினம்.

நான்காவது, சோதனைக் காலமும் விலகும் வழியும். எமிரேட்சில் சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்குள் நாடு திரும்ப 14 நாள் நோட்டீஸ். அங்கேயே வேறு கம்பெனிக்கு மாற ஒரு மாத நோட்டீஸ், ஆள் சேர்த்த செலவைப் புதுக் கம்பெனி கட்டவேண்டும். எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காமல் வேலைக்குப் போவதை நிறுத்தினால், முதலாளி 'தலைமறைவு' என்று புகார் கொடுத்துவிடுவார். அப்புறம் சம்பளப் பாக்கி கேட்க வேண்டியவனே குற்றவாளி ஆகிவிடுவான். அதனால் முதலில் புகார், பிறகு விலகல். வரிசை மாறக்கூடாது. எச்-1பியில் வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம். வேலை இல்லை என்று கம்பெனி உட்கார வைத்தாலும் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாவது, பாஸ்போர்ட். அது இந்திய அரசின் சொத்து. கம்பெனியின் அலமாரிக்குரியது அல்ல. கத்தாரில் அதைப் பிடித்துவைக்கும் முதலாளிக்கு 25,000 ரியால் வரை அபராதம் உண்டு. அதேபோல வெற்றுத் தாளிலோ, தொகை எழுதாத காசோலையிலோ எவர் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று, படித்தவர்களுக்கென்றே சொல்ல வேண்டியது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில்தான் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை வரும். குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் போகும்போது ஒப்பந்தத்தை அரசு அலுவலகம் ஒருமுறை பார்க்கும், இன்சூரன்சும் கட்டாயம். பட்டதாரிக்கு அந்தச் சல்லடை கிடையாது. படித்தவனுக்கு விவரம் தெரியும் என்று அரசு நினைக்கிறது! ஆகவே நம் ஒப்பந்தத்தை நாமேதான் சலிக்க வேண்டும். முகவர் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான் என்று விதி வகுத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கில் கேட்டால், ரசீது தரமாட்டேன் என்றால், அங்கேயே திரும்பி வாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது, அதையும் விசாரிக்கலாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசா மாற்றிக்கொள்ளலாம் என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

முடிக்கும் முன் நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். விழா, விருந்து, நினைவுப் பரிசு எல்லாம் வேண்டியதுதான். அதோடு ஒப்பந்தம் படிக்கும் ஒரு சிறு குழுவையும் அமைப்போம். தோகாவில், துபாயில், சிங்கப்பூரில், அமெரிக்காவில் நம்மவர்கள் இருக்கிறார்கள். நாட்டுக்கு இரண்டு பேர் போதும். மாணவர் தன் பெயரை மறைத்து ஒப்பந்தத்தை அனுப்பட்டும். இரண்டு நாளில் படித்து, இந்த வரியைக் கேள், அந்த வரியை மாற்றச் சொல் என்று அண்ணன்மார் சொல்லட்டும். செலவில்லாத உதவி. கத்தார் சம்பந்தமான ஒப்பந்தங்களைப் படிக்க என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஏலமலைக்கு ஜீப்பில் ஏறும் நம் ஊர்த் தாய்மார் சாயங்காலம் போடிமெட்டு இறங்கி வீடு வந்துவிடுகிறார்கள். கடல் தாண்டிப் போகும் பிள்ளைக்கும் தான் விரும்பிய நாளில் திரும்பி வரும் உரிமை இருக்கவேண்டும். அந்த உரிமை ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்த பிறகு பேனாவை எடுங்கள், தம்பி தங்கைகளே.