இப்போது எந்தத் தட்டு ஓடுகிறது?



ஜாஸ் ரசிகர்கள் இருவர் பேசத் தொடங்கினால், நலம் விசாரித்த கையோடு வரும் கேள்வி, எந்த இசைத்தட்டு ஓடுகிறது என்பதுதான். பதில் ஒரு பெயரோடு நிற்காது. எந்த ஆண்டுப் பதிவு, பேஸ் வாசித்தது யார், டிரம்ஸ் யார், எந்தக் கம்பெனி அச்சு, முதல் பக்கமா இரண்டாம் பக்கமா என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். தள்ளி நின்று பார்ப்பவர்களுக்கு இது பொருள் சேர்ப்பவர்களின் பித்தாகத் தெரியலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஜாஸ் தட்டைக் கேட்பதில் பாதி, கேட்டதைப் பற்றிப் பேசும்போதுதான் நிறைவேறுகிறது.

காரணம் அந்த இசையிலேயே இருக்கிறது. ஜாஸில் மெட்டு என்பது புறப்படும் இடம் மட்டுமே. அதன் மேல் கலைஞர்கள் அந்த நேரத்தில், அந்த மனநிலையில் கற்பனையாக வாசிப்பதே உண்மையான கச்சேரி. கற்பனை ஸ்வரம் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அதே பாட்டை அதே கலைஞர் மறுநாள் வாசித்தால் அது வேறு. ஆகவே எந்த நாள், யார் யார் கூட இருந்தார்கள் என்ற கேள்விகள் வெறும் தகவல்கள் அல்ல, இசையின் உள்ளே போகும் வழிகள்.

இந்தக் கற்பனைக்கு நீளம் கொடுத்தது எல்.பி. தட்டு. அதற்கு முன் இருந்த நிமிடத்துக்கு 78 சுற்று தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போலத்தான் கிடைக்கும். சாக்ஸபோன் சூடு பிடிக்கும் நேரத்தில் தட்டு முடிந்துவிடும். 1948 ஜூனில் கொலம்பியா கம்பெனி அமெரிக்காவில் எல்.பி.யை அறிமுகம் செய்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கும் மேலான இசை அடங்கியது. ஜாஸ் ரசிகர்கள் இன்றும் 'பக்கம்' என்ற கணக்கிலேயே யோசிப்பது இதனால்தான்.

ஒரு தட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்ற சின்ன நிலவறைக் கிளப். பியானோவில் பில் எவன்ஸ், பேஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன். பிற்பகலும் இரவுமாக ஐந்து முறை மேடை ஏறி வாசித்தார்கள், ரிவர்சைடு கம்பெனி பதிவு செய்தது. பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, கார் விபத்தில் லஃபாரோ இறந்துபோனார். வயது 25. அந்த ஒரே நாள் பதிவிலிருந்து முதலில் வந்த தட்டில், லஃபாரோவின் வாசிப்பு மேலோங்கி நிற்கும்படி பாடல்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் இயற்றிய பாட்டில் தொடங்கி, அவர் இயற்றிய பாட்டிலேயே அந்தத் தட்டு முடிகிறது. இரண்டாவதாக வந்தது 'வால்ட்ஸ் ஃபார் டெபி'.

இந்த இரண்டாம் தட்டை நான்கு பேர் சேர்ந்து கேட்டால், நான்கு தட்டுகளைக் கேட்டது போலப் பேசுவார்கள். ஒருவர் முதல் பாட்டில் மோஷனின் பிரஷ் சிம்பலில் படும் மெல்லிய ஓசையைச் சொல்வார். இன்னொருவர் பியானோவின் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் அதனோடு உரையாடும் பேஸைச் சொல்வார். மூன்றாமவர் எவன்ஸ் எந்த இடத்தில் வாசிக்காமல் விட்டார் என்பதைக் கவனித்திருப்பார். நான்காமவருக்குக் கண்ணாடிக் கோப்பைகள் இடிபடும் சத்தமும், மேஜைகளில் இருந்தவர்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டிருக்கும். இவ்வளவு அருமையான இசை நடக்கும்போது பேசிக்கொண்டிருந்தார்களே என்று கோபப்படுபவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சலசலப்பும் வேண்டும். அது ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை என்பதற்கும், அங்கே இருந்த எவருக்கும் வரப்போவது தெரியாது என்பதற்கும் அதுவே சாட்சி.

தட்டு என்ற பொருளின் மீது ரசிகர்கள் காட்டும் கவனமும் இப்படிப்பட்டதே. பாட்டு முடிந்தபின் லேபிளைச் சுற்றி வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். ப்ளூ நோட் கம்பெனியின் 1950களின் தட்டுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அங்கே ஆர்.வி.ஜி. என்ற எழுத்துகள் தெரியும். ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளரின் முத்திரை அது. பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்தவர், நியூஜெர்சியின் ஹாக்கன்சாக் ஊரில் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையிலேயே ஒலிப்பதிவு செய்தார். ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயின்' 1957இல் அங்கேதான் பதிவானது. அதே வளையத்தில் காது வடிவில் ஒரு குறி இருந்தால், அது பிளாஸ்டிலைட் என்ற ஆலையின் அச்சு. பழைய அச்சு எது, மறு அச்சு எது என்று அதை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்றும் ரசிகர்கள் காதால் அறிந்திருப்பார்கள். எல்.பி.யின் ஓரத்தில் முள் நொடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் தூரம் ஓடுகிறது. நடுவை நெருங்கும்போது அது 20 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். அதனால் பக்கத்தின் கடைசிப் பாட்டில் டிரம்பெட் உச்சத்துக்குப் போனால் ஒலி சற்றுக் கரகரக்க வாய்ப்பு உண்டு. மென்மையான பாட்டு பக்கத்தின் கடைசியில் வந்தால், கேட்பவருக்கு அது ஆறுதல்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டின் கதை தெரிந்தவர்கள் இருப்பீர்கள். மைல்ஸ் டேவிஸ் குழு 1959 மார்ச் 2 அன்று பதிவு செய்த முதல் பக்கத்தின் மூன்று பாடல்கள், பதிவு இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், தட்டில் கொஞ்சம் வேகமாகவும் சுருதி தூக்கலாகவும் வெளிவந்தன. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்க்கும் மாணவர்களுக்கு சுருதி ஒட்டாது. அந்தப் பிழை மறு வெளியீடு ஒன்றில் திருத்தப்பட்டது 1992இல்தான். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் அதைத் தூக்கலான சுருதியிலேயே நேசித்திருக்கிறது. திருத்தியது சரி என்பார்கள் சிலர். பழகிய சுருதிதான் தங்கள் இசை என்பார்கள் சிலர். நான் திருத்தியதன் பக்கம். கலைஞர்கள் வாசித்தது எதுவோ அது நமக்கு வந்து சேர வேண்டும்.

சேர்ந்து கேட்பதை ஒரு வழக்கமாகவே வளர்த்த நாடு ஜப்பான். யோகோஹாமாவில் 1933இல் தொடங்கியது 'சிகுசா' என்ற காபிக் கடை. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வெளிநாட்டு எல்.பி. வாங்குவது எளிய மனிதர்களால் ஆகாத காரியம். ஒரு காபியின் விலையில் அங்கே உட்கார்ந்து கேட்க முடிந்தது. பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷி இளம் வயதில் அங்கே தட்டுகளைக் கேட்டுக் கேட்டுக் கற்றவர். நாவலாசிரியர் ஹருகி முரகாமியும் எழுத வருமுன் 1974இல் தோக்கியோவில் இப்படி ஒரு ஜாஸ் கடையைத் தொடங்கி நடத்தினார். இவ்வகைக் கடைகள் பலவற்றில் தட்டு ஓடும்போது பேசக் கூடாது. ஓடும் தட்டின் அட்டையை எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தி வைப்பார்கள். விருப்பப் பாடல் கேட்டு ஒருவர் ஒரு தட்டைச் சொல்லும்போதே, தன்னைப் பற்றி மற்றவர்களிடம் ஏதோ சொல்லிவிடுகிறார். பேச்சைத் தள்ளிப்போடுகிறார்களே தவிர, விட்டுவிடுவதில்லை.

இன்று பாட்டு கைப்பேசியில் வரிசையாக வருகிறது. யார் வாசித்தார்கள் என்று பார்ப்பதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. பழைய எல்.பி. அட்டையின் பின்புறத்தில் பேஸ் வாசித்தவர் வரை ஒவ்வொரு பெயரும் அச்சாகியிருக்கும். அந்த மரியாதை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நேயர்களே, உங்களிடம் ரெக்கார்ட் பிளேயர் இல்லாமல் இருக்கலாம், பரவாயில்லை. நான் சொன்ன தட்டுகளில் ஒன்றைத் தேடி எடுங்கள். தனியாக வேண்டாம், வீட்டில் இருக்கும் ஒருவரையோ ஒரு நண்பரையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தாவாமல் ஒரு பக்கம் முழுவதும் கேளுங்கள். முடிந்ததும் உங்கள் கருத்தைச் சொல்வதற்கு முன், அவர் காதில் என்ன விழுந்தது என்று முதலில் கேளுங்கள்.