கெட் என்னும் சிறுவனும் என் வகுப்பறையும்

(ஆசிரியர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணக்கு டீச்சர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த வட்டத்தில் இதற்கு முன் பேசியவர்கள் கல்வி பற்றிய நூல்களைக் கொண்டுவந்தார்கள். நான் மந்திரவாதிக் கதை ஒன்றோடு வந்து நிற்கிறேன். பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள் புத்தகத் திருவிழாவில் வாங்கிய ஆங்கில நாவல் இது. "நீயும் படிம்மா" என்று மூன்று மாதம் சொன்னாள். ஆங்கிலம், அதிலும் மந்திரம், எனக்கு எதற்கு என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் அரையாண்டு விடுமுறையில் கையில் எடுத்தேன். முதல் முப்பது பக்கத்துக்கு அகராதி தேவைப்பட்டது. அதன் பிறகு அகராதியை மறந்துவிட்டேன். அடுப்பில் பாலையும் மறந்துவிட்டேன்.

நாவலின் பெயர் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ'. எழுதியவர் அர்சுலா கே. லெ குவின் என்னும் அமெரிக்க எழுத்தாளர். 1968இல் வெளிவந்தது. பதின்பருவத்தினருக்காக ஒரு நாவல் எழுதித் தாருங்கள் என்று ஒரு பதிப்பாளர் கேட்டதால் எழுதப்பட்டது. சுமார் 200 பக்கம்தான். முழுக்க முழுக்கத் தீவுகளால் ஆன ஓர் உலகம். அதற்கு வரைபடம்கூட உண்டு.

கதாநாயகன் ஆடு மேய்க்கும் சிறுவன். காண்ட் என்னும் மலைத்தீவில் பிறந்தவன். அப்பா வெண்கலக் கொல்லர். அம்மா இவனுக்கு ஒரு வயது ஆகும் முன்பே இறந்துவிட்டாள். சிவந்த பழுப்பு நிறத்தவன். அவனுடைய உயிர் நண்பனோ நல்ல கறுப்பு. மந்திரவாதி என்றாலே வெள்ளைத் தாடிக்கார வெள்ளைக்காரர் என்றிருந்த காலத்தில் இதை எண்ணியே செய்திருக்கிறார் ஆசிரியர். 2004இல் இதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் கதாநாயகனை வெள்ளையனாக்கிவிட்டார்கள். அவர் அதைக் கண்டித்து எழுதினார்.

அந்த உலகத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்கள். ஊர் கூப்பிடும் பெயர் ஒன்று; இவனுக்கு அது வல்லூறு. மற்றது உண்மைப் பெயர். அதை அறிந்தவருக்கு அந்த ஆளின் மேலேயே அதிகாரம் உண்டு. அதனால் உயிருக்கு உயிரானவர்களிடம் மட்டுமே அதைச் சொல்வார்கள். இவனுடைய உண்மைப் பெயர் கெட். எட்டாம் வகுப்பு நூலகப் பாடவேளையில் இந்தக் கதையைத் தமிழில் சொல்லத் தொடங்கியபோது, பெயரைக் கேட்டதுமே வகுப்பு சிரித்தது. "கெட்டுப்போனவனா டீச்சர்?" என்றான் ஒருவன். பொறுத்திருந்து கேள் என்றேன். உண்மையில் அந்தக் கேள்வி கதைக்கு வெகு அருகில் இருந்தது.

கெட்டுக்குப் பிறவியிலேயே ஆற்றல் உண்டு. பன்னிரண்டு வயதில், ஊரைத் தாக்க வந்த படையை மூடுபனியால் மறைத்துத் திசைதிருப்பி விடுகிறான். அதைக் கேள்விப்பட்டு ஓகியன் என்ற பெரிய மந்திரவாதி அவனைச் சீடனாக அழைத்துப் போகிறார். அவர் பேசுவதே அபூர்வம். மழை பெய்தால் மந்திரத்தால் அதைத் தள்ளிவிடாமல், மரத்தடியில் படுத்து நனைகிறார். பையனுக்கு எரிச்சல். இவ்வளவு பெரிய ஆளிடம் வந்து எதுவும் கற்கவில்லையே என்று நினைக்கிறான். கற்பித்தல் எப்போதோ தொடங்கிவிட்டது, அவன்தான் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பக்கங்களைப் படித்தபோது சிலபஸ் முடிக்க ஓடும் என் கால்களை நானே குனிந்து பார்த்துக்கொண்டேன்.

பொறுமை இல்லாத கெட், ரோக் தீவில் உள்ள மந்திரப் பள்ளிக்குப் போகிறான். பள்ளிக்கூடம் என்று வந்துவிட்டால் நமக்கு ஒரு தனி ஆர்வம் வந்துவிடுமல்லவா? அங்கே பெயர்களைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தனிக் கோபுரத்தில் இருக்கிறார். நாள்தோறும் நீளமான பெயர்ப் பட்டியல் தருவார். நள்ளிரவில் மை அழிந்துவிடும், அதற்குள் மனப்பாடம் செய்ய வேண்டும். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னதற்கே முறைக்கும் என் மாணவர்கள் இதைக் கேட்டு வாயடைத்துப் போனார்கள். ஆனால் அதே பள்ளியின் கடைசித் தேர்வு வேறு மாதிரி. வாயிற்காப்பாளரின் உண்மைப் பெயரைக் கண்டுபிடித்தால்தான் வெளியே போக முடியும். எந்தத் தந்திரமும் பலிக்காது. கெட் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, நேரே போய் அவரிடமே பெயரைக் கேட்கிறான். அவரும் சொல்லிவிடுகிறார். தெரியாது என்று ஒப்புக்கொண்டு கேட்பதுதான் விடை! இப்படி ஒரு வினாத்தாளை நம்மில் யார் தயாரித்திருக்கிறோம்?

அதற்கு முன்னால் நடப்பதுதான் கதையின் மையம். ஜாஸ்பர் என்று ஒரு சக மாணவன். பெரிய இடத்துப் பிள்ளை, நயமாகப் பேசுவான், அந்த நயத்திலேயே ஊசி வைத்திருப்பான். கெட் பட்டிக்காட்டான் என்பதை அவன் ஒரு நாளும் மறக்கவிடுவதில்லை. ஓர் இரவு, அவனிடம் தன்னை நிரூபிக்க, செத்தவர்களின் ஆவியை அழைத்துக் காட்டுகிறேன் என்று கெட் சவால் விட்டுச் செய்கிறான். கிழிந்த இருளிலிருந்து ஒரு நிழல் பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அந்தப் பிளவை மூடப் போராடித் தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். நிழலோ தப்பி உலகத்துக்குள் போய்விடுகிறது. மீதிக் கதை கெட்டும் அந்த நிழலும்தான். படையெடுப்பு இல்லை, அரியணை இல்லை. டிராகன் வருகிறது, அதுவும் ஒரே அத்தியாயத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு பையன், அவன் செய்த ஒரு தவறு. இவ்வளவை வைத்து ஒரு நாவல் முழுக்கப் படபடப்பாகக் கொண்டுபோக முடியும் என்பது எனக்குப் புதிது.

எனக்கு மிகப் பிடித்தவன் நண்பன் வெட்ச். பருமனான, சாப்பாட்டுப் பிரியனான, வஞ்சகம் இல்லாத பையன். பள்ளியே கெட்டிடமிருந்து விலகி நிற்கிறது. அவனுக்கே அவன் மேல் நம்பிக்கை போய்விட்டது. அந்த நேரத்தில் வெட்ச் வந்து, தன் உண்மைப் பெயரை அவனிடம் சொல்லிவிட்டுப் போகிறான். ஆறுதல் வார்த்தை எதுவும் அதற்கு ஈடில்லை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

குறையும் சொல்லவேண்டும். ரோக் பள்ளியில் பெண்கள் இல்லை. பெண்களின் மந்திரம் மட்டமானது என்பது அந்த ஊர்களின் எண்ணம். நாவல் அதை எதிர்த்துக் கேட்பதுமில்லை. வெட்சின் தங்கை ஒருத்திதான் ஆறுதல். அவள் பெயர் யாரோ. பெயரே யாரோதான், சிரிக்காதீர்கள். லெ குவினுக்கே இந்தக் குறை பிற்பாடு உறுத்தியிருக்கிறது. 1990இல் 'தெஹானு' என்ற நாவலில் அதே உலகத்துக்குத் திரும்பிவந்து, ஒரு நடுவயதுப் பெண்ணை மையத்தில் நிறுத்தினார்.

வகுப்பில் அதிகம் விவாதம் கிளப்பியவன் ஜாஸ்பர். "அவனுக்கு என்ன தண்டனை டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பெரிய தண்டனை எதுவும் இல்லை. மந்திரவாதியின் கோலைப் பெறாமலே பள்ளியை விட்டுப் போய், ஒரு பிரபுவின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று ஓரிரு வரியில் வருகிறது. பாதி வகுப்பு இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பெண் மட்டும் எழுந்து, "ஜாஸ்பர் பேசத்தான் செய்தான், செய்தது கெட்தானே" என்றாள். மணி அடித்தும் சண்டை ஓயவில்லை.

இப்போது ஒரு சொந்த விஷயம். நான் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. பத்தாம் வகுப்பு, காரணிப்படுத்தல். வகுப்பைப் பார்வையிட வந்த அலுவலர் ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பதற்றத்தில் ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டேன். ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், அங்க மைனஸ் வரணும்" என்றான். நன்றி என்று சொல்லியிருக்கவேண்டும். நான் சொன்னது, "அவ்வளவு தெரிஞ்சா நீயே வந்து நடத்து." அவன் வந்தான். சரியாகப் போட்டான். போய் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் நான் அவனைக் கரும்பலகைக்கு அழைக்கவே இல்லை. அவன் தேர்ச்சி பெற்றான், பதினொன்றாம் வகுப்பில் சேரவில்லை. வீட்டுச் சூழலும் காரணம். எல்லாம் என்னால்தான் என்று சொல்லி என்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்ள விரும்பவில்லை.

அவன் இப்போது பேருந்து நிறுத்தம் பக்கத்தில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். என் ஸ்கூட்டியைச் சரிபார்க்க நான் மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கடைக்குப் போவேன். ஏன் அவ்வளவு தூரம் என்று என் கணவர் கேட்டால், அங்கே வேலை சுத்தம் என்பேன்.

நாவலில் நிழல் துரத்தத் துரத்த, கெட் தீவு தீவாக ஓடி, கடைசியில் பழைய குரு ஓகியனிடமே வந்து விழுகிறான். அவர் சொல்லும் யோசனை ஒன்றுதான்: ஓடுவதை நிறுத்து, திரும்பு, இனி நீ அதைத் துரத்து. அந்த அத்தியாயத்தைப் படித்தது ஒரு ஞாயிறு இரவு. அதற்கடுத்த சனிக்கிழமை ஸ்கூட்டியை அந்தக் கடையில் கொண்டுபோய் நிறுத்தினேன். பிரேக் பிடிக்கவில்லை என்றேன். அது உண்மையும்தான்.

"வாங்க டீச்சர்" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மனத்தில் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு நான் பேசியது தப்பு என்று மட்டும் சொன்னேன். எந்த அன்றைக்கு என்று அவன் கேட்கவில்லை.

"கணக்கு ஞாபகம் இருக்கு டீச்சர். மைனஸ் பன்னிரண்டு" என்றான். ஸ்பேனரால் எதையோ திருகிக்கொண்டே, "அது பரவால்ல. அதுக்கப்புறம் நீங்க என் பேரைச் சொல்லிக் கூப்பிடவே இல்ல. ஏம்ப்பா, ஏம்ப்பான்னுதான் கூப்பிட்டீங்க" என்றான்.

அது எனக்கு நினைவிலேயே இல்லை. அவன் பெயரைச் சொன்னேன். ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பிரேக் ஷூ தேஞ்சிருக்கு டீச்சர், மாத்தணும்" என்றான். காசு வேண்டாம் என்றான், நான் விடவில்லை. வாங்கி, எண்ணிப் பார்த்து, இருபது ரூபாய் மீதி கொடுத்தான்.

கெட்டும் நிழலும் கடைசியில் எங்கே சந்திக்கிறார்கள், அந்த நிழலின் பெயர் என்ன என்பதை நான் சொல்லமாட்டேன். சொன்னால் என் மகள் என்னோடு பேசமாட்டாள். புத்தகம் இதோ இருக்கிறது. நாற்பதாம் பக்கத்தில் கொஞ்சம் பால் கறை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் யார் எடுத்துப் போகிறீர்கள்?