பேர் வைப்போம், பேரைக் காப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரை)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. அதனால் எழுதி வெச்சுதான் படிக்கிறேன். ஒரு தொழில் நிலைச்சு நிற்கணும், அதோட பேர் ஊர் தாண்டி, நாடு தாண்டிப் போகணும்னா என்ன செய்யணும் என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. இதெல்லாம் பெரிய முதலாளிங்க பேச வேண்டியதாச்சேன்னு முதலில் தோணுச்சு. அப்புறம்தான் நம்ம கடலூர் மாவட்டத்துக்காரர் ஒருத்தர் கதை ஞாபகம் வந்தது. அதைச் சொல்லிட்டு நம்ம விளக்கு, பொம்மை விஷயத்துக்கு வரேன்.

அவர் பேர் சி.கே. ரங்கநாதன். கடலூரில் பிறந்தவர். அவங்க அப்பா சின்னி கிருஷ்ணன், கூலி வேலை செய்றவங்களும் வாங்குற மாதிரி சாமான் இருக்கணும்னு நினைச்சவர். ஷாம்புன்னா பெரிய பாட்டில்தான்னு இருந்த காலத்தில், சின்னப் பாக்கெட்டில் அடைச்சு விற்கலாம்னு வழி காட்டினவர் அவர்தான். அப்பா காலமான பிறகு, ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து, 1983-இல் 15,000 ரூபாய் முதல் போட்டுத் தனியா ஆரம்பிச்சதுதான் சிக் ஷாம்பு. அதே 1983-இல்தான் நம்ம தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனமும் தொடங்கப்பட்டது. அந்தச் சின்னக் கம்பெனிதான் 1998-இல் கவின்கேர் என்று பேர் மாறியது. மீரா, கார்த்திகா, நைல், சின்னிஸ் ஊறுகாய் எல்லாம் அவங்களுதுதான்.

அவர் தொழில் செஞ்ச விதத்தில் நாம கவனிக்க வேண்டியது மூணு.

முதலாவது விலை. வாங்குறவங்க கையில் எவ்வளவு இருக்கோ, அதுக்குத் தகுந்த அளவில் பொருளைக் கொடுத்தார். ஒரு ரூபாய்க்கு, பின்னாடி ஐம்பது பைசாவுக்கும் பாக்கெட் வந்தது. நூறு ரூபாய் பாட்டில் வாங்க முடியாத நம்ம அம்மாக்கள் தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு பாக்கெட் வாங்கினாங்க.

இரண்டாவது, நேரில் காட்டுறது. ஷாம்புன்னா என்னன்னே தெரியாத கிராமங்களுக்கு ஆள் அனுப்பி, பசங்களை உட்கார வெச்சுத் தலைக்குத் தேய்ச்சு அலசி, மற்றவங்களை அந்த முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாங்க. தொட்டுப் பார்த்தவங்க வாங்கினாங்க.

மூணாவது பேர். சிக் என்பது அப்பா பேரிலிருந்து வந்தது. கவின் என்றால் நம்ம தமிழில் அழகு. கவின்கேர்ங்கற பேரிலும் அப்பாவோட சி, கே ரெண்டு எழுத்தும் இருக்கு. பேர் சின்னதா, வாயில் நுழையற மாதிரி, சொந்தமா இருந்தது. கம்பெனி வளர வளர அந்தப் பேரும் கூடவே வளர்ந்தது.

இன்னொரு சமாச்சாரமும் உண்டு. காலி ஷாம்பு பாக்கெட்டுகளைக் கொண்டு வந்து கொடுத்தா ஒரு சிக் பாக்கெட் இலவசம்னு அறிவிச்சாங்க. முதலில் எந்தக் கம்பெனிக் காலியானாலும் வாங்கினாங்க, பிறகு சிக் காலிதான் வேணும்னாங்க. அது வியாபாரத்தைப் பெருக்க செஞ்ச ஏற்பாடு, ஊரைச் சுத்தம் பண்ண இல்லை. ஆனா எனக்கு அதில் ஒரு பாடம் தெரியுது. காலிப் பாக்கெட்டுக்கு ஒரு மதிப்பு இருந்தா, அதை யாரும் சாக்கடையில் போட மாட்டாங்க, பத்திரமா எடுத்து வெச்சுக் கொண்டு வருவாங்க.

ஏன் இதைச் சொல்றேன்னா, அந்தச் சின்னப் பாக்கெட்டை இன்னைக்கு இந்தியாவில் மட்டும் இல்லை, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஆப்பிரிக்க நாடுகள்னு உலகம் பூரா எல்லாக் கம்பெனியும் எடுத்துக்கிட்டாங்க. ஷாம்பு, எண்ணெய், காப்பித்தூள், ஊறுகாய் எல்லாம் பாக்கெட். ஏழைக்கு எட்டாதது எட்டினது உண்மை. காலிப் பாக்கெட் நம்ம மணிமுத்தாத்திலும் தெருச் சாக்கடையிலும் கிடக்கிறதும் உண்மை. அது பல அடுக்குப் பிளாஸ்டிக். ஒண்ணோட ஒண்ணு ஒட்டின அடுக்கைப் பிரிக்க முடியாது, அதனால் பழைய சாமான் கடைக்காரர்கூட எடுக்க மாட்டார். 2016-இல் வந்த பிளாஸ்டிக் கழிவு விதிகளில், விற்கிற கம்பெனியே காலியைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பேற்கணும்னு இருக்கு. 2019 ஜனவரி 1 முதல் நம்ம மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுற 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடையும் இருக்கு. ஒரு தொழில் நிலைச்சு நிற்கணும்னா, பொருள் வித்த பிறகு மிச்சம் என்ன ஆகுதுங்கறதையும் ஆரம்பத்திலேயே யோசிக்கணும். பேர் பெருசான பிறகு யோசிச்சா செலவு ஜாஸ்தி.

இப்போ நம்ம கதைக்கு வருவோம்.

விருத்தாசலம்னாலே செராமிக். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண், தொழிற்பேட்டை, செராமிக் காலேஜ் எல்லாம் நம்ம ஊருக்குக் கிடைச்ச சொத்து. களிமண்ணைக் கூழாக் கரைச்சு பிளாஸ்டர் அச்சில் ஊத்துறோம். காய வெச்சு, ஓரம் சீவி, சூளைக்கு அனுப்பிச் சுட்டு, கலர் வைக்கிறோம். குழந்தையைத் தூங்க வெச்சுட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் பொம்மைக்குக் கண் எழுதுற தங்கச்சிங்க இங்கேயே உட்கார்ந்திருக்காங்க. கண் ஒரு நூல் தப்பினாலும் பொம்மை முறைக்கிற மாதிரி ஆயிடும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பொம்மை கடைக்குப் போகும்போது யார் பேரில் போகுது? வாங்குற வியாபாரி பேரில். நாம நாலு ரூபாய்க்குக் கொடுத்த விளக்கு, வேற அட்டைப்பெட்டியில் பன்னிரண்டு ரூபாய்க்கு விற்குது. அதில் விருத்தாசலம்ங்கற பேரும் இல்லை, நம்ம குழுப் பேரும் இல்லை. விளக்கு நல்லா இருக்குன்னு சென்னையில் ஒருத்தர் நினைச்சா, மறுபடி யாரிடம் வந்து கேட்பார்?

இந்தக் கார்த்திகைக்கு ஒரு வியாபாரி முன்பணம் தரேன், மொத்தமா எடுத்துக்கறேன், ஆனா உங்க பேர் பெட்டியில் வேண்டாம்னு கேட்டிருக்கிறது எல்லோருக்கும் தெரியும். கொடுத்துடலாம்னு சொல்ற அக்காங்க மேல் எனக்கு வருத்தம் இல்லை. மாசம் பொறந்தா பேங்க் தவணை கட்டணும். சூளைக்கு எரிபொருள் காசு வேணும். முன்பணத்தை வேண்டாம்னு சொல்ற வசதி நமக்கு இல்லை. அதே சமயம், வருஷா வருஷம் இப்படியே கொடுத்தா, அவர் ஒரு நாள் வேற ஊரில் அரை ரூபாய் குறைவா வாங்கிக்கிட்டா, நம்ம கையில் என்ன இருக்கும்? அச்சு இருக்கும், கூலி இருக்காது.

இந்த இடத்தில் மும்பை லிஜ்ஜத் அப்பளம் கதையைச் சொல்லணும். 1959 மார்ச் 15-ஆம் தேதி, கிர்காம் பகுதியில் ஒரு மொட்டை மாடியில் ஏழு பெண்கள், கடனா வாங்கின 80 ரூபாயில் அப்பளம் இட ஆரம்பிச்சாங்க. முதல் நாள் நாலு பாக்கெட். மழைக்காலத்தில் காய வைக்க முடியாம முதல் வருஷம் நாலு மாசம் வேலை நின்னது. அடுத்த வருஷம் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கி, கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வெச்சுக் காய வெச்சாங்க. ஆரம்பத்தில் நல்ல ரகம் ஒண்ணு, விலை குறைச்சலா மட்ட ரகம் ஒண்ணுன்னு ரெண்டு செஞ்சாங்க. அவங்களுக்கு வழிகாட்டின பெரியவர் சகன் பாப்பா, ஒரே ரகம்தான் செய்யணும், தரத்தில் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லி நிறுத்தினார். நன்கொடை வாங்கக் கூடாதுங்கறதும் அவங்க கட்டுப்பாடு. இன்னைக்கு அங்கே 45,000 பெண்களுக்கு மேல் இருக்காங்க. யாரும் கூலி ஆள் இல்லை, எல்லோரும் பங்குதாரர். லாபமும் நஷ்டமும் எல்லோருக்கும். அமெரிக்கா, இங்கிலாந்து, சிங்கப்பூர்னு அப்பளம் போகுது. அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மாவுக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க.

வீட்டில் அப்பளம் இட்டவங்களால் முடிஞ்சது, பொம்மைக்குக் கண் எழுதுற நம்மால் முடியாதா? அதனால் கூட்டமைப்பு முன்னாடி என் யோசனையை வைக்கிறேன்.

ஒண்ணு. வியாபாரிக்கு இந்த வருஷம் கொடுப்போம், ஆனா முழுசும் வேண்டாம். நாலு பங்கில் மூணு பங்கு அவருக்கு, ஒரு பங்கு நம்ம பேரில். பூமாலை வளாகத்திலும் கண்காட்சியிலும் அதை விற்போம். விளக்கை ஏத்தி வெச்சே விற்போம், பார்க்கிறவங்க பார்க்கட்டும்.

ரெண்டு. பேரில் நம்ம ஊர் இருக்கணும். காஞ்சிபுரம் பட்டுன்னா ஊர்ப் பேர்தான் முதல். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைச்சது. நம்ம ஊரோட பழைய பேர் முதுகுன்றம். அந்தப் பேர் எனக்குப் பிடிச்சிருக்கு, வேற நல்ல பேர் இருந்தாலும் சொல்லுங்க. வேற யாரும் வெச்சிருக்காங்களான்னு பார்த்துட்டு வணிகக் குறியாப் பதிவு செய்யணும். சிறு தொழில்னா கட்டணம் பாதி. பதிவு பத்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

மூணு. அந்தப் பேரைப் போட்ட பொருளில் தரம் குறையக் கூடாது. விரிசல் விட்டது, பளபளப்பு ஏறாதது நம்ம பேரில் வெளியே போகக் கூடாது. சாப்பிடுற தட்டு, டம்ளர் செஞ்சா ஈயம் கலக்காத மெருகுதான் பூசணும். இதில் சொந்தக்காரங்க, வேண்டியவங்கன்னு பார்க்கக் கூடாது. என் கையால் செஞ்சதா இருந்தாலும் ஒதுக்கி வைங்க.

நாலு. வீணாக்கக் கூடாது. சுடாத மண் உடைஞ்சா மறுபடி கரைச்சு ஊத்தலாம், அதைச் சூளைக்குப் போறதுக்கு முன்னாடியே பார்த்து ஒதுக்கணும். சூளை பாதி காலியா எரிஞ்சாலும் எரிபொருள் செலவு பெருசாக் குறையாது. ரெண்டு மூணு குழு சேர்ந்து நிரப்பிச் சுட்டா ஆளுக்குச் செலவு குறையும். பெட்டிக்குள் குமிழ்ப் பிளாஸ்டிக் வேண்டாம், நம்ம வைக்கோலும் பழைய செய்தித்தாளும் போதும். காலிப் பெட்டியைத் திருப்பிக் கொண்டு வர்றவங்களுக்கு ஒரு சின்ன விளக்கு இலவசமாக் கொடுப்போம். ரங்கநாதன் செஞ்சதுதான், நாம ஊர் சுத்தத்துக்கும் சேர்த்துச் செய்வோம்.

இதில் நஷ்டம் வரலாம். கால் பங்கு விற்காம நின்னா, அந்த நஷ்டம் ஒரு குழு தலையில் விழாம எல்லாக் குழுவும் பகிர்ந்துக்கணும்னு இன்னைக்கே தீர்மான நோட்டில் எழுதணும். அது எழுதாம நான் யாரையும் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன்.

சேமிப்பு ஆரம்பிச்சப்போ, இந்தப் பொம்பளைங்க மாசம் பணம் கட்டி என்ன கிழிக்கப் போறாங்கன்னு கேட்டாங்க. இன்னைக்கு அதே வீட்டு ஆம்பளைங்க, குழுவில் கடன் கிடைக்குமான்னு கேட்கிறாங்க. நம்ம பேருக்கு அவ்வளவு மதிப்பு ஏற்கெனவே வந்தாச்சு. அதை விளக்குப் பெட்டி மேலயும் எழுதுவோம்.