குழந்தை ஆடையில் சுருக்கப் பூவேலை

வளரும் குழந்தைக்கு ஆடை தைப்போர் அனைவரும் அறிந்த சிக்கல் ஒன்று உண்டு. இன்று அளவாகத் தைத்த சட்டை சில மாதங்களில் இறுக்கமாகிவிடுகிறது. நம் வீடுகளில் பாவாடையின் அடிப்பகுதியில் இரண்டு மூன்று டக்குகள் பிடித்துத் தைத்து, குழந்தை உயர உயர அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும் வழக்கம் உண்டு. அது நீளத்திற்குக் கண்ட வழி. மார்பின் அகலத்திற்கும் அத்தகைய வழி ஒன்று இருக்கிறது. அதுவே ஸ்மாக்கிங் என்னும் தையல் வேலை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல்லைத் தமிழாக்கும் ஆவல் எழுவது இயல்பே. துணியை முதலில் சுருக்கி, அச்சுருக்கங்களைப் பூவேலையால் பிணைப்பதால், 'சுருக்கப் பூவேலை' என்பது பொருந்தும் என்று எண்ணுகிறேன். ஆயினும் தைப்போர் நாவில் பழகியது ஸ்மாக்கிங் என்ற சொல்லே.

ஸ்மாக் என்பது 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கில நாட்டு உழவரும் இடையரும் அணிந்த தளர்ந்த மேலங்கி. உழைப்பவருக்குக் குனியவும் கைவீசவும் இடம் வேண்டும். அதேசமயம் மார்பிலும் மணிக்கட்டிலும் துணி படிந்து நிற்கவும் வேண்டும். எலாஸ்டிக் பரவாத அக்காலத்தில் இவ்விரண்டையும் ஒருங்கே அளித்தது இவ்வேலைப்பாடு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உழவரின் மேலங்கி மறையத் தொடங்கியது. ஆனால் அதன் தையல் குழந்தைகளின் ஆடையில் நிலைபெற்றது. ஆகவே, இதனை வெறும் அலங்காரம் என்று கருதுதல் பொருந்தாது. பயன் முன்னது, அழகு பின்னது.

இனி, செய்முறையைக் காண்போம். வாயில், கேம்ப்ரிக், பாப்ளின் போன்ற மெல்லிய பருத்தித் துணியே ஏற்றது. அதனை முதலில் நனைத்து உலர்த்திக்கொள்ள வேண்டும். முடிந்த அகலத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு துணி தேவை. 9 அங்குல முகப்புக்கு 27 அங்குலம் என்று கொள்ளலாம். உடுப்பின் பகுதிகளை இணைப்பதற்கு முன்பே இவ்வேலையை முடித்துவிட வேண்டும்.

துணியின் உட்புறத்தில் கால் அங்குல இடைவெளியில் புள்ளிகளை வரிசையாக இடுக. வரிசைக்கு வரிசை முக்கால் விரற்கடை இருந்தால் போதும். மேல் வரிசைப் புள்ளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைப் புள்ளி அமைதல் இன்றியமையாதது. சிறு கட்டம் போட்ட துணியாயின் கட்டங்களே புள்ளிகளாக உதவும். ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி நூல் ஓட்டி, எல்லா நூல்களையும் சேர்த்து இழுத்தால், புடவைக் கொசுவம் போன்று சீரான சிறு மடிப்புகள் எழும். நூல் முனைகளை இரண்டிரண்டாக முடிந்துவிடலாம்.

பிறகு துணியின் மேற்புறத்தில், மூன்று இழைப் பூத்தையல் நூலால் மடிப்புகளின் முகட்டை மட்டும் கோத்துத் தைக்க வேண்டும். ஊசி ஆழமாக இறங்கினால் நெகிழ்ச்சி குன்றும். கழுத்தை அடுத்த முதல் வரிசைக்கு இறுக்கமாகப் பிடிக்கும் காம்புத் தையல் நன்று. கீழே செல்லச் செல்ல அலைத் தையலும், யாவற்றினும் மிகுதியாக நெகிழும் தேன்கூட்டுத் தையலும் அமைத்தால், உடுப்பு இயல்பாக விரிந்து இறங்கும். வேலை முடிந்தபின், மேல் வரிசை ஒன்றைத் தவிர மற்ற ஓட்டு நூல்களை உருவிவிடலாம்; மேல் நூல், உடுப்பை இணைக்கும்வரை இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டியை மடிப்புகளின்மேல் அழுத்தலாகாது. சற்று உயரப் பிடித்து ஆவி மட்டும் படச் செய்க.

இன்று கடைகளில் எலாஸ்டிக் நூல் கொடுத்து இயந்திரத்தில் சுருக்கிய கவுன்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பின் ஏன் இத்தனை பாடு எனச் சிலர் வினவலாம். எலாஸ்டிக், வெயிலிலும் சலவையிலும் நாளடைவில் தளர்ந்துபோகும். கைத்தையலின் நெகிழ்ச்சியோ மடிப்பிலிருந்து பிறப்பது; குழந்தை பருக்கும்போது இடம்விட்டு, கழற்றியதும் மீண்டும் கூடிக்கொள்ளும். ஓரத்தில் தாராளமாக மடித்து விட்டிருந்தால், அக்காளுக்குத் தைத்த கவுன் தங்கைக்கும் உதவும்.

இத்தகைய முகப்பு ஒன்றை முடிக்கப் பல மாலைப் பொழுதுகள் செல்லும். இதனைக் கூலிக்குச் செய்து தரும் பெண்கள் நம் ஊர்களில் உள்ளனர். அவர்களிடம் விலை பேசும்போது, துணியின் அளவை மட்டும் பாராமல், மடிப்புகளை ஒரு முறை எண்ணிப் பார்த்தல் நன்று. ஒவ்வொரு மடிப்பின்மேலும் ஒரு கை பலமுறை நின்று சென்றிருக்கிறது. அந்த உழைப்புக்கும் உரிய விலை உண்டு.