கைப்பேசிக்கும் கதவு உண்டு

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



பால்வெட்டுக்குப் புறப்படுமுன் வீட்டைப் பூட்டும் நாம், கைப்பேசியைத் திறந்தே வைத்திருக்கிறோம். ஜார்ஜ் டவுனில் சர்க்கரை நோய்க்கு மருத்துவர் யார் என்று இணையத்தில் தேடியபின், மருந்து விளம்பரங்கள் நம்மைப் பின்தொடர்வதைக் கண்டிருப்போம். 'குக்கீ' எனும் சிறு பதிவுகள் இதற்குத் துணை நிற்கின்றன.

2017-ஆம் ஆண்டில் மலேசியாவில் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்கள், முகவரி, அடையாள அட்டை எண் முதலியவற்றோடு கசிந்தது தெரியவந்தது. மோசடிக்காரர்களுக்கு இத்தகைய விவரங்களே மூலதனம். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்போதே நடப்பில் இருந்தது. சட்டம் வேலி, விழிப்பே காவல்.

ஆகவே, குரோம் உலாவியின் அமைப்புகளில் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடை செய்வோம். தேவையற்ற தளங்களுக்கு இருப்பிட அனுமதியை மறுப்போம். நோய், கடன் பற்றித் தேடுகையில், தேடல் வரலாற்றைச் சேமிப்பதில்லை என உறுதி கூறும் டக்டக்கோ போன்ற தேடுபொறியைத் தேர்ந்தெடுப்போம். 'மறைநிலை' என்ற பெயரைக் கண்டு மயங்கவேண்டாம். அது நமது கைப்பேசியில் தடத்தை அழிக்குமேயன்றி, நாம் செல்லும் தளத்தின் கண்ணை மறைக்காது.

இவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை. அதையும் மீறி மோசடியில் பணம் பறிபோனால், தாமதியாது 997 என்ற எண்ணை அழைப்போம்.