சட்டத்தரணியின்றி மன்றேறுதல்

கட்டுகஸ்தோட்டையிலே சிறுகடை நடத்தும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வாங்கிய கடனை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பற்றுச்சீட்டும் வைத்திருக்கிறார். ஆயினும் கடன் கொடுத்தவர் பணம் வரவில்லை என்கிறார். பிணக்கு மத்தியஸ்த சபைக்குப் போகிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த அச்சபையில் சட்டத்தரணிகள் தோன்ற இடமில்லை. ஆதலால் கடைக்காரர் தம் நியாயத்தைத் தாமே தெளிவாக எடுத்துரைத்தார். எனினும் இணக்கம் ஏற்படவில்லை. பின்னர் கண்டி நீதிமன்றிலிருந்து அழைப்பாணை வருகிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை. "கோட்டிலே நான் எதைப் பேசுவது?" என்று அஞ்சி அவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

மத்தியஸ்த சபையில் பேசிய நா நீதிமன்றில் அடங்கிப் போவானேன்? அழைக்கப்பட்டவர் தவணைக்கு வராவிடின், வழக்காளியின் பக்கத்தை மாத்திரம் கேட்டு மன்று தீர்ப்பளிக்கலாம். அந்தத் தீர்ப்பாணை கைக்குக் கிடைத்த 14 நாட்களுக்குள் தக்க காரணம் காட்டி, அதனை நீக்குமாறு கேட்க வழியுண்டு. அதையும் தவறவிட்டால், பெட்டியிலே கிடக்கும் பற்றுச்சீட்டினால் யாது பயன்?

கண்டி மாநகரில் தலதா மாளிகைக்கு அருகே பத்தினி தேவாலயம் இருக்கிறது. அங்கே வணங்கப்படும் பத்தினித் தெய்வம் நம் கண்ணகியே. தனக்காகத் தானே வழக்குரைத்தவள் அவள். பாண்டியன் அவையில் அவள் வென்றது கண்ணீரினாலன்று. சிலம்பை உடைத்து, உள்ளிருந்தவை முத்தல்ல, மாணிக்கம் என்று காட்டியதனால். கோவலனுக்கோ தன் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பே கிட்டவில்லை. அத்தகைய அநீதி நேராதிருக்கவே, குற்றஞ் சாட்டப்பட்டவர் தாமாகவேனும் சட்டத்தரணி மூலமாகவேனும் செவிமடுக்கப்படும் உரிமையை இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை வழங்கியுள்ளது.

கடைக்காரருக்கு அப்பற்றுச்சீட்டே சிலம்பு. ஆகவே, தனித்து நிற்பவர் சொல்வன்மையைத் தேடி அலைய வேண்டியதில்லை. நடந்தவற்றைத் திகதிவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். மூலப் பத்திரங்களையும் பிரதிகளையும் ஒழுங்காக எடுத்துச் செல்லட்டும். எதிர்த் தரப்பினரோடு வாதாடாமல் நீதிபதியை நோக்கிப் பேசட்டும். கேட்டதற்கு மாத்திரம் விடை சொல்லட்டும்.

கண்டியிலே வழக்குகள் பெரும்பாலும் சிங்களத்தில் நடைபெறுவதால் நம்மவர் பலர் தயங்குகின்றனர். விளங்காததற்குத் தலையசைப்பது பேராபத்து. தமிழிலே பத்திரம் சமர்ப்பிக்கவும் வழக்கில் பங்குகொள்ளவும், அரசின் செலவில் மொழிபெயர்ப்புப் பெறவும் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. "ஐயா, எனக்கு விளங்கவில்லை, தமிழில் மொழிபெயர்த்துத் தர வேண்டும்" என்று எழுந்து கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை.

ஆயினும், தனித்து நிற்பது எல்லா வழக்குக்கும் பொருந்துமென்று எண்ணிவிடலாகாது. 1961இல் அமெரிக்காவின் புளோரிடாவில், களவுக்காகக் கட்டடத்தை உடைத்துப் புகுந்ததாகக் கிடியன் என்னும் ஏழை குற்றஞ் சாட்டப்பட்டார். சட்டத்தரணி வேண்டுமென்று அவர் கேட்டார், மன்று மறுத்தது. தாமே வாதாடித் தோற்று, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உயர் நீதிமன்றுக்கு விண்ணப்பித்தார். அத்தகைய வழக்குகளில் ஏழைக்கு அரசு சட்டத்தரணியை அளிக்க வேண்டுமென்று 1963இல் தீர்ப்பு வந்தது. மறுவிசாரணையில் சட்டத்தரணி வாதாட, அவர் விடுதலையானார். மனிதர் அவரே, வழக்கும் அதுவே. துணை வந்தபின் முடிவு மாறிற்று.

ஆகையால், சிறை செல்ல நேரக்கூடிய வழக்கிலும் காணி உறுதி பற்றிய வழக்கிலும் துணை தேடுங்கள். வசதியற்றோருக்கு உதவவே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு நிறுவப்பட்டது. அங்கே விசாரித்துப் பாருங்கள். துணை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தவணை நாளன்று பத்திரங்களோடு மன்றுக்குச் செல்லத் தவறாதீர்கள். வராதவருடைய நியாயத்தை எந்த நீதிபதியாலும் கேட்க முடியாது.